எட்டெழுத்துப் பெயர்

எங்கள் கம்பெனியில் ஏ.சி. நிற்காமல் ஓடும் அறை ஒன்றே ஒன்றுதான். அது சர்வருக்காக ஓடுகிறது. ஆகவே மே மாதத்தில் அந்த அறையில் சர்வரோடு நான்கு இட்லி மாவுப் பாக்கெட்டுகள், எம்.டி.யின் இன்சுலின், யாருடைய பிறந்தநாளுக்கோ வாங்கிய கேக், ஸ்டோர்ஸ் பொன்னியம்மாவின் மல்லிகைப்பூ ஆகியவையும் இருக்கும். கதவில் ‘அனுமதி இல்லை’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டுத்தான் எல்லோரும் உள்ளே வருகிறார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்புகளுக்கு ரப்பர் கேஸ்கட் செய்கிற கம்பெனி. நூற்று அறுபது பேர். வருகைப் பதிவு, சரக்கு இருப்பு, கேன்டீன் சுவரில் தொங்கும் அறிவிப்புத் திரை எல்லாம் அந்தச் சர்வரில்தான், ஒரே யூனிக்ஸ் இயந்திரத்தில் ஓடுகின்றன. அதை இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துக்கொள்வது நான். பார்த்துக்கொள்வது என்றால், டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பேன். பேக்கப் ஒழுங்காக முடிந்ததா என்று பார்ப்பேன். எங்கேயாவது மாட்டிக்கொண்டு மூச்சுவிடாமல் நிற்கும் வேலையை நிறுத்துவேன். கடவுச்சொல்லை மறந்தவர்களுக்குப் புதிது கொடுப்பேன். அதை அவர்கள் திரையின் ஓரத்திலேயே எழுதி ஒட்டுவதைப் பார்த்தும் பார்க்காததுபோல் வந்துவிடுவேன். எல்லாம் சரியாக நடந்தால் நான் அங்கே இருப்பது யாருக்கும் தெரியாது. வீட்டிலும் கிட்டத்தட்ட இதே உத்தியோகம்தான் என்பதால் பழகிவிட்டது.

அந்த இயந்திரத்தில் என் பெயர் ‘எம்ஞானகு’. பழைய அமைப்பு. ஒருவருடைய பெயருக்கு எட்டு ஆங்கில எழுத்துக்கு மேல் இடம் தராது. முதல் எழுத்து என் அப்பா மோசஸுக்குப் போய்விட்டது. மீதி ஏழில், ஞானகுமாரியாகிய நான் ‘ஞானகு’ வரைக்கும் ஏறிக்கொண்டேன். ‘மாரி’ படியிலேயே நின்றுவிட்டாள். கல்யாணமாகி, லீவு முடிந்து வந்த திங்கட்கிழமையும் எம்ஞானகு என்றுதான் தட்டினேன். இயந்திரம் வாழ்த்தும் சொல்லவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. திறந்தது. அன்று முழுக்க என்னிடம் ‘புது வாழ்க்கை எப்படி இருக்கு’ என்று கேட்காத ஒரே ஜீவன் அதுதான்.

பத்தொன்பது வருடம் கழித்து நிர்மல் கேட்டார்.

நிர்மல் எங்கள் புதிய எச்.ஆர். மேனேஜர். முப்பது வயதுக்குள். வந்து மூன்று மாதம். பேனாவைச் சட்டைப்பையில் வைக்காமல் கையிலேயே வைத்திருப்பார், எந்த நேரமும் கையெழுத்து வந்துவிடலாம் என்பதுபோல. ஒரு திங்கட்கிழமை அவருடைய சுற்றறிக்கை வந்தது. தலைப்பு: ‘ஒரே ஊழியர், ஒரே அடையாளம்.’ கணினியில் உள்ள பெயரே ஊழியரின் அதிகாரப்பூர்வ அடையாளம். அந்தப் பெயரில் பதிவாகும் அனைத்துக்கும் அவரே பொறுப்பு. இது முதல் பத்தி. திருமணமான பெண் ஊழியர்களில் சிலர் தந்தையின் இனிஷியலும் சிலர் கணவரின் இனிஷியலும் வைத்திருப்பதால் ஆடிட்டில் குழப்பம் ஏற்படுகிறது. இனி அனைவருக்கும் கணவரின் இனிஷியல். இது இரண்டாம் பத்தி. மாற்ற விரும்பாதவர்கள் படிவத்தின் ஏழாவது கட்டத்தில் காரணத்தை எழுதி ஆதாரம் இணைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சரிசெய்யப்படாத கணக்குகள் பூட்டப்படும்.

ஆண்களைப் பற்றி மூன்றாம் பத்தி இல்லை.

கம்பெனியில் தந்தையின் இனிஷியலோடு இருந்த திருமணமான பெண்கள் பதினான்கு பேர். பதினான்கு படிவங்களையும் எடுத்துக்கொண்டு நிர்மலே சர்வர் அறைக்கு வந்தார்.

“மேடம், ஒவ்வொருத்தர் ஃபார்ம் வர வர, பழைய கணக்க டெலிட் பண்ணிட்டு புதுக் கணக்கு கிரியேட் பண்ணிடுங்க.”

“டெலிட் பண்ண வேணாம் சார். பேர மட்டும் மாத்தினா போதும். டெலிட் பண்ணா அவங்க ஃபைலெல்லாம் சொந்தக்காரர் இல்லாம நிக்கும்.”

“ஃபார்ம்ல டெலிட்னு இருக்கே?”

“ஃபார்ம்ல டெலிட்னே இருக்கட்டும் சார். மெஷின்ல மாத்திக்கறேன்.”

அவருக்கு அது பிடித்தது. தாளில் ஒன்று, நடப்பில் ஒன்று என்றால் நிர்வாகம் நடக்கிறது என்று அர்த்தம்.

“உங்களுதும் இருக்கு மேடம், மறந்துடாதீங்க. வெள்ளிக்கிழமை லாக் ஆச்சுன்னா சர்வர் பொறுப்ப வெளி வெண்டர்கிட்ட குடுக்கணும். உங்கள ரிசப்ஷன்ல போடச் சொல்லிப் பேச்சு வரும். எனக்கே கஷ்டமா இருக்கும்.”

இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு போன் எடுத்து ‘வணக்கம்’ சொல்கிற வேலை. அதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. வானிலை அறிக்கைபோலச் சொன்னார்.

சபீனா முதல் ஆளாகப் படிவம் கொடுத்தாள். குவாலிட்டி பிரிவில் இருப்பவள். அவளுக்கு அப்பா இனிஷியலும் ஏ, கணவர் இனிஷியலும் ஏ. படிவத்தில் பழைய பெயரும் புதிய பெயரும் ஒன்றே. நிர்மல் அதை இரண்டு முறை படித்துப் பார்த்து, ‘மாற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டது’ என்று கையெழுத்துப் போட்டார். நானும் மாற்றினேன்.

பொன்னியம்மா பூவை எடுக்க வந்தாள். படிவத்தை மடித்து விசிறிக்கொண்டிருந்தாள்.

“இன்னா ஞானம்மா இது? எம்பேரு முன்னாடி பீ போடணுமாமே?”

“உங்க வீட்டுக்காரர் பச்சையப்பன்தானே. அதான் பீ.”

“எழுத்தும் ஆளும் பொருத்தமாத்தான் கீது.” அவள் சிரிக்கவில்லை. “எங்கப்பா வீராசாமி. வீ போட்டுகினு வந்தேன், வீ போட்டுகினு போறேன். இன்னா செய்வாங்க?”

“பிரிஞ்சு இருக்கீங்கன்னு ஆதாரம் குடுத்தா மாத்த வேணாமாம்.”

“ஓடிப்போறவன் சர்டிபிகேட் குடுத்துட்டா ஓடுவான்? அயனம்பாக்கத்துல இன்னொரு ஊடு கட்டிகினு ஏரிக்காத்து வாங்கிகினு கீறான். நான் போயி, நைனா, நீ ஓடுனதுக்கு ஒரு ரசீது எழுதிக் குடுன்னு நிக்கட்டுமா?”

“எம்.டி.கிட்ட பேசிப் பாக்கலாம்.”

“நான் யார்கிட்டயும் பேசல. அந்தாளு எழுத்து ஒட்டுன பொட்டிய நான் தொடமாட்டேன். ஸ்டாக்க நோட்டுல எழுதிக்கறேன். உனுக்கும் உண்டா இது?”

“உண்டு.”

“நீ மாத்திக்குவே.”

“ஏன் அப்படிச் சொல்றீங்க?”

“உன் ஊட்டுக்காரரு நல்ல மனுசன். உனுக்கு இன்னா காரணம் கீது?” பூவைத் தலையில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போன பிறகு ஏழாவது கட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு வரி எழுத இடம் இருந்தது. எனக்கு ஒரு வரிகூட வரவில்லை. ஒரு பெண்ணுக்கு ஒன்று வேண்டாம் என்றால், அதற்கு ஒரு கெட்டவன் தேவைப்படுகிறான். பொன்னியம்மாவுக்கு இருக்கிறான். எனக்கு இல்லை. என் கணவர் ஜேசுராஜ் ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போவில் நேரம் குறிக்கிற வேலையில் இருக்கிறார். சனிக்கிழமை மீன் வாங்கி அவரே கழுவுவார். சத்தம் போட்டுப் பேசியது எங்கள் கல்யாணத்தில் மைக் வேலை செய்யாதபோது மட்டும்தான்.

சாயங்காலம் முகப்பேர் வீட்டு பால்கனியில் டீ குடிக்கும்போது அவரிடம் சொன்னேன்.

“மாத்திக்கோயேன்” என்றார். “ஜே. ஞானகுமாரி. நல்லாத்தானே இருக்கு?”

“நல்லாத்தாங்க இருக்கு.”

“அப்புறம்?”

“வேணாம்னு தோணுது.”

அவர் டீயை வைத்தார். “என் மேல எதாவது மனசுல வச்சிருக்கியா?”

“ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க.”

“உங்கப்பா மேல அவ்வளவு பாசமா? இத்தன நாள் தெரியாம போச்சே.”

நான் யோசித்துப் பார்த்தேன். அப்பாவை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது, அவர் முழுக்கப் படித்து மடித்து வைக்கும்வரை வீட்டில் யாரும் செய்தித்தாளைத் தொடக் கூடாது என்பதுதான். என்னைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தவரும் அவர்தான். டைப்ரைட்டிங் வகுப்பில் இடம் இல்லாததால். அவருக்காக நான் ஒரு எழுத்தைக் காக்கிறேன் என்றால் அவரே நம்ப மாட்டார். உண்மையில் அது அவருடைய எழுத்து என்பதே எனக்கு மறந்து வெகுநாள் ஆகியிருந்தது. காலையில் ‘நான்’ என்று சொல்ல விரல் முதலில் போகிற இடம் அது, அவ்வளவுதான். சர்ச் பெண்கள் சங்கப் பட்டியலில் நான் ‘திருமதி ஜேசுராஜ்’. ஞானகுமாரி அதில் எங்கேயும் இல்லை. அபார்ட்மென்ட் வாட்ஸப்பில் ‘பி ஏழு ஆன்ட்டி’. இதற்கெல்லாம் நான் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. இப்போது போய் ஒரு எழுத்துக்காக ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்டால் என்ன சொல்வது?

ஜேசுராஜுக்கு என் முகத்தைப் பார்த்து இரக்கம் வந்துவிட்டது. “இதுக்கு ஏன் இவ்வளவு? சர்வர் ஏத்துக்காதுன்னு எழுதிக் குடுத்துடு. யாருக்குத் தெரியப்போகுது?”

எங்கள் கம்பெனியில் ‘சர்வர் ஏத்துக்காது’ என்பது யாரும் எதிர்க்கேள்வி கேட்க முடியாத வாக்கியம். எம்.டி. கிருபாகரனே அதைக் கேட்டால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். அதை நான் பலமுறை பயன்படுத்தியிருக்கிறேன். ஐந்து நிமிடம் தாமதமாக வந்தவளுக்குச் சம்பளம் வெட்டச் சொன்னபோது, கழிப்பறைக்குப் போகிற நேரத்தைக் கணக்கிடச் சொன்னபோது, சர்வர் ஏற்றுக்கொள்ளவில்லை. இருபத்திரண்டு வருடமாக அந்தக் கறுப்புப் பெட்டி என் சார்பில் ‘முடியாது’ சொல்லிக்கொண்டிருந்தது. ஒருமுறைகூட நான் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அது ஜேசுராஜுக்குத் தெரிந்திருந்தது என்பதும்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு நிர்மல் சர்வர் அறைக்கு ஓடிவந்தார். கேக் மேல் இடித்துக்கொண்டார்.

“மேடம், என் கணக்க யாரோ ஹேக் பண்ணிட்டாங்க!”

கேன்டீன் சுவரில் உள்ள அறிவிப்புத் திரையில் நாளுக்கு ஒரு அறிவிப்பும், அதன் கீழே எழுதியவர் பெயரும் வரும். வழக்கமாக ‘தலைக்கவசம் அணிவோம்’ என்று வரும். அன்று காலை இப்படி வந்திருந்தது: ‘பிரஸ் செக்‌ஷன் ஃபேன் ஆறு மாசமா ரிப்பேரு. மேல ஏ.சி.ல குந்திகினு கீறவனுக்கு வேர்க்கல போல.’ கீழே: நிர்மல்.

“நான் எழுதல மேடம். நான் மதுரக்காரன். எனக்கு இந்தத் தமிழே வராது.”

“இருங்க சார், பாக்கலாம்.”

அறிவிப்புகள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். ஃபைலின் சொந்தக்காரர்: நிர்மல். பெயர் வேண்டாம், எண்ணைக் காட்டு என்று இயந்திரத்திடம் கேட்டேன். 517 என்றது. எனக்குப் புரிந்துவிட்டது.

இயந்திரத்துக்கு நம் பெயர்கள் தெரியாது. ஒவ்வொருவருக்கும் ஒரு எண். இந்த எண்ணுக்கு இந்தப் பெயர் என்று ஒரு பட்டியல். ஃபைல்களில் எழுதி வைத்திருப்பது எண்ணைத்தான். நாம் கேட்கும்போது பட்டியலைப் பார்த்துப் பெயரைச் சொல்கிறது. மற்ற இடங்களில் ஒருவர் போய்விட்டால் அவருடைய எண்ணை யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். எங்கள் எம்.டி.க்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது. ஒரு பக்கம் எழுதிய தாளின் பின்பக்கத்தில்தான் எங்களுக்கு அப்பாயின்ட்மென்ட் ஆர்டரே வந்தது. ரிட்டயரானவரின் லாக்கர், ஹெல்மெட், டீ டம்ளர் எல்லாம் புதிதாக வருபவருக்குப் போகும். ‘நம்பர மட்டும் ஏம்மா சும்மா வச்சிருக்கணும்?’ என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் தெரியும். ஆனால் நான் சர்வர் ஏற்றுக்கொள்ளாது என்று சொல்லவில்லை, சின்ன விஷயம்தானே என்று.

517 முன்பு துலுக்கானத்தின் எண். பிரஸ் செக்‌ஷன் ஃபோர்மேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ரிட்டயரானார். பாதுகாப்பு அறிவிப்பு எழுத அவருக்கு அனுமதி இருந்தது. அவர் பாதுகாப்பு என்பதைப் பரந்த பொருளில் எடுத்துக்கொண்டார். எம்.டி. சொல்லி அவற்றையெல்லாம் நான்தான் அழித்தேன். போன சனிக்கிழமை டிஸ்க் ஒன்று பழுதாகி, பேக்கப்பிலிருந்து எடுத்துப் போடும்போது, அறிவிப்பு ஃபோல்டரை வாராந்தர பேக்கப்பில் சேர்க்காமல் விட்டிருந்தது தெரிந்தது. பழைய டேப் ஒன்றில் இருந்தது. எடுத்துப் போட்டேன். அழித்த அறிவிப்புகளோடு துலுக்கானம் திரும்பி வந்துவிட்டார். துலுக்கானம் என்ற பெயர் பட்டியலில் இல்லாததால் இயந்திரம் 517 யார் என்று தேடி, நிர்மலின் கையில் கொடுத்துவிட்டது.

“தப்பு என்னோடது சார்” என்றேன். “இப்பவே எடுத்துடறேன். எழுதினது துலுக்கானம்னு ஒரு மெயிலும் போட்டுடறேன்.”

“உடனே எடுங்க. மெயில் வேணாம்... இல்ல, போடுங்க. இல்ல, இருங்க.” பேனாவால் கன்னத்தைத் தட்டினார். “சுற்றறிக்கைல என்ன எழுதியிருக்கேன்? அந்தப் பேர்ல பதிவாகிற எதுக்கும் அவரே பொறுப்புன்னு.”

“ஆமா சார். முதல் பத்தி.”

அந்த நேரத்தில் அவருடைய போன் அடித்தது. எம்.டி. நிர்மல் எழுந்து நின்று பேசினார். “சார்... ஆமா சார்... இல்ல சார், ஃபேன் விஷயம்... எம்ப்ளாயி வெல்ஃபேர் சார்... தாங்க்யூ சார்.” போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “எச்.ஆரே சொல்றாருன்னா சீரியஸா இருக்கும்னு எலெக்ட்ரீஷியன அனுப்பிட்டாராம்.”

“அப்ப எடுத்துடவா சார்?”

“நாளைக்குப் பாப்போம் மேடம்.”

நாளைக்கு வந்தது: ‘கேன்டீன் சாம்பார்ல பருப்பு எங்க கீதுன்னு காட்றவனுக்கு என் செலவுல டீ.’ பிரஸ் செக்‌ஷனிலிருந்து ஆறு பேர் நிர்மலின் அறைக்கே வந்து கை கொடுத்தார்கள். “அண்ணாத்தே, இத்தினி நாளு உன்னத் தப்பா நெனச்சிட்டோம்” என்றான் ஒருவன். மூன்று மாதத்தில் யாரும் அவரைப் பார்த்துச் சிரித்ததில்லை. அன்று மதியம் கேன்டீனில் அவருக்கு வரிசையில் முதல் இடம் விட்டார்கள். அவர் வெட்கத்தோடு ஏற்றுக்கொண்டதைப் பார்த்தேன். சாம்பாரில் பருப்பும் இருந்தது.

மாலையில் வந்து கதவை மூடிவிட்டு மெதுவாகக் கேட்டார். “மேடம், நாளைக்கு எது வருது?”

“செருப்பு வைக்கிற ரேக் பத்தி சார். கொஞ்சம் காட்டமா இருக்கும்.”

“பரவால்ல. ‘சோமாரி’ மட்டும் இருந்தா எடுத்துடுங்க.”

எனக்கு மனசு கேட்கவில்லை. துலுக்கானத்துக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் இருமி இருமிச் சிரித்தார்.

“இன்னாம்மா சொல்றே! நான் ஊட்ல குந்திகினு கீறேன், அங்க பேசிகினும் கீறேனா?”

“உங்க எழுத்து அவர் பேர்ல வருதுண்ணா. உங்களுக்கு வருத்தமா இருந்தா சொல்லுங்க, இப்பவே சரி பண்ணிடறேன்.”

“ஃபேனு சுத்துதா?”

“சுத்துது.”

“அப்பால இன்னா? எவன் பேரு போட்டா இன்னாம்மா, எங்களுக்குக் காத்து வந்தா சரி. என் பேரு போட்டப்ப வரலியே!”

போனை வைத்தபிறகு எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவர் எழுதிய அத்தனையும் இன்னொருவர் பெயரில் போகிறது, சிரிக்கிறார். நான் ஒரு எழுத்துக்கு இத்தனை நாள் தூக்கமில்லாமல் கிடக்கிறேன். பேசாமல் மாற்றிக்கொண்டால் என்ன? வியாழக்கிழமை மதியம் படிவத்தில் ‘புதிய பெயர்’ என்ற இடத்தில் ஜே என்று எழுதியும் பார்த்தேன். கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது. வேறு யாருக்கோ படிவம் நிரப்பிக் கொடுத்ததுபோல இருந்தது. அப்போதுதான் ஒன்று தோன்றியது: துலுக்கானத்துக்குப் பெயர் பெரிதில்லை, ஏனென்றால் அதை மாற்றச் சொல்லி அவரிடம் யாரும் படிவம் நீட்டியதில்லை.

ஜேயை அடித்தேன். ஏழாவது கட்டத்தில் ‘பெயரை மாற்றினால் பேக்கப் நின்றுபோகும், சர்வர் ஏற்காது’ என்று பென்சிலால் எழுதினேன். அரை மணி நேரம் பார்த்தேன். குறையே சொல்ல முடியாத பொய். அழித்தேன். பிறகு பேனாவால் ஒரே ஒரு சொல் எழுதினேன். விருப்பமில்லை. இரண்டு வரிக்கான இடத்தில் அது ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. சாயங்காலம் ஜேசுராஜிடம் காட்டினேன். அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். பிறகு, “‘கணவர் மேல் வருத்தம் எதுவும் இல்லை’ன்னு அடைப்புக்குறிக்குள்ள போட்டுடேன்” என்றார். போடவில்லை. அது அவருக்கு வலித்தது என்று தெரியும். இரண்டு நாள் மீனைப் பற்றி மட்டும் பேசினோம்.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு நிர்மல் கோப்போடு வந்தார். வரும் வழியில் பிரஸ் செக்‌ஷனில் யாரோ விசில் அடித்தார்கள், அவருக்குத்தான்.

பன்னிரண்டு பெண்கள் மாறியிருந்தார்கள். பொன்னியம்மாவின் படிவம் வரவே இல்லை. திங்கட்கிழமையிலிருந்து அவள் சரக்கு இருப்பை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். மீதி என் படிவம். ஏழாவது கட்டத்தைப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்னால் ஏதாவது தொடர்கிறதா என்று.

“மேடம், இது காரணம் இல்லயே.”

“வேற காரணம் இல்ல சார்.”

“ஏன் விருப்பமில்லன்னு எழுதணும்.”

“விருப்பமில்ல, அதான் சார்.”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தணித்தார். அந்த வாரத்தில் அவர் நல்லவராகியிருந்தார். ஊரெல்லாம் நல்லவர் என்று சொன்னால் ஒரு மனுஷன் என்ன செய்வான்? “நான் உங்களுக்கு உதவி பண்ணணும்னுதான் பாக்கறேன். டெக்னிக்கலா எதாவது எழுதுங்களேன். சர்வர் ஏத்துக்காதுன்னு ஒரு வரி. கண்ண மூடிட்டு கையெழுத்துப் போட்டுடறேன்.”

அதே வாக்கியம். என் பொய்யை எனக்கே தட்டில் வைத்து நீட்டினார். கையை நீட்டினால் போதும். என் இடமும் மிஞ்சும், எழுத்தும் மிஞ்சும், வீட்டில் சமாதானமும் வரும்.

“சர்வர் ஏத்துக்கும் சார்” என்றேன். “நான்தான் ஏத்துக்கல.”



நிர்மலின் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. “அப்ப லாக் பண்ணித்தான் ஆகணும். ரூல்.” கோப்பிலிருந்து ஒரு பட்டியல் எடுத்தார். தலைப்பு: ‘பூட்டப்பட வேண்டிய கணக்குகள்.’ வரிசை எண் ஒன்று, ஞானகுமாரி. வரிசை எண் இரண்டு, பொன்னியம்மா. ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரம் எழுதவும் கையெழுத்திடவும் இடம். “யார் லாக் பண்ணுவா?”

“நான்தான் சார். வேற யாரு?”

இயந்திரத்தின் முன்னால் திரும்பி உட்கார்ந்தேன். என் கணக்கைப் பூட்டும் கட்டளையைத் தட்டினேன். அது ஒரே வரிதான். யார் யாருக்கோ எத்தனையோ முறை தட்டியிருக்கிறேன். இந்த முறை வரியின் கடைசியில் எம்ஞானகு என்று நின்றது. என்டர் மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டேன். எனக்கு உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

“சார், இத பூட்டிட்டா நான் வெளிய. ரெண்டாவது ஆள யாரு பூட்டுவா?”

“ஏன், நீங்கதான்...” நிறுத்தினார். “சரி, அப்ப பொன்னியம்மாவ முதல்ல பண்ணுங்க. உங்களுத கடைசில.”

“பண்ணலாம். வரிசை எண் மாறிடும். நேரம் எழுதணும்ல? ஒண்ணாம் நம்பருக்கு எதிர அஞ்சு அஞ்சு, ரெண்டுக்கு எதிர அஞ்சு மணின்னு வரும். ஆடிட்ல கேப்பாங்க.”

போன ஆடிட்டில் இதே மாதிரி ஒரு நேரத்துக்காக அவருக்கு முன்னால் இருந்த எச்.ஆர். மேனேஜர் பதினோரு பக்கம் விளக்கம் எழுதினார். பிறகு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அது நிர்மலுக்குத் தெரியும்.

“உங்களப் பூட்டிட்டு, திரும்பத் திறந்து...”

“திறக்கறதுக்கும் நான்தான் வேணும் சார்.”

“எல்லாத்தயும் திறக்கற ரூட் பாஸ்வேர்டு எம்.டி. பீரோல கவர்ல இருக்குல்ல?”

“இருக்கு. ஆனா ரூட் பேர்ல நேரா உள்ள வரக் கூடாதுன்னு போன ஆடிட்ல சொன்னாங்க. அந்த வழிய அடைச்சாச்சு. இப்ப என் கணக்கு வழியாத்தான் போகணும். நீங்க வெண்டர வரச் சொன்னீங்கன்னா திங்கக்கிழமை வந்து மெஷின நிறுத்தி, வேற வழியா திறப்பாங்க. அதுவரைக்கும் யாரும் எதையும் தொட முடியாது. அவ்வளவுதான். பூட்டிடவா?”

நான் சாமர்த்தியம் காட்டவில்லை. அவர் ‘சரி’ என்றிருந்தால் தட்டியிருப்பேன். பிறகு ரிசப்ஷன் மேஜையில் உட்கார்ந்து ‘வணக்கம்’ சொல்லியிருப்பேன். அழுதிருப்பேனோ என்னவோ. ஆனால் விரல் அசையாமல் இருந்தது. இது எனக்கே புதிது.

நிர்மல் திரையைப் பார்த்தார். பட்டியலைப் பார்த்தார். வெளியே ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் போகும் சத்தம் கேட்டது. “நிர்மல் அண்ணாத்தே உள்ள கீறாரா?” என்று யாரோ கேட்டார்கள்.

“இருங்க மேடம். இருங்க, இருங்க.” என் விரலைத் தொடாமல், விசைப்பலகைக்கு மேலே கையைக் குறுக்கே நீட்டினார். “அவசரம் ஒண்ணும் இல்ல. ரெண்டையும் நிலுவைன்னு போட்டுடறேன்.”

“நிலுவைன்னா எதுவரைக்கும் சார்?”

“நிலுவைன்னா நிலுவை. அதுக்குத் தேதி கிடையாது.”

எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய அனுமதி அதுதான். எனக்கு ஒரு ‘சரி’ வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம். நான் தட்டிய வரியை ஒவ்வோர் எழுத்தாகப் பின்னாலிருந்து அழித்தேன்.

அவர் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு, ‘பூட்டப்பட்ட நேரம்’ என்ற இடத்தில் ‘நிலுவை’ என்று இரண்டு முறை எழுதினார். கையெழுத்துப் போடப் போனவர் நின்றார். பக்கத்திலேயே இன்னொரு கட்டம் இருந்தது. அந்தப் பட்டியலையும் வடிவமைத்தவர் அவர்தான்.

“நிலுவைக்குக் காரணம் என்ன மேடம் எழுதறது?”

“அது உங்க பேர்ல பதிவாகப்போறது சார்” என்றேன். “நீங்கதான் யோசிக்கணும்.”

அவர் பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு யோசிக்க ஆரம்பித்தார். நான் வெளியே போய், பொன்னியம்மாவிடம் நோட்டை மூடிவிட்டு வந்து லாகின் செய்யச் சொன்னேன்.